விருந்தாளித் தண்ணீர்

நான் மதியச் சோற்றில் கை வைத்த நேரம் பார்த்து மலர் டொக்டர் என் வீட்டுக்குள் வந்தார். வெளியே வவுனியா வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கதிரையை இழுத்து மேசைக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, என் கத்தரிக்காய்க் குழம்புக்குப் பக்கத்தில் ஒரு தாளை வைத்தார்.

"ஐயா, இருபத்தாறு வீட்டுக் கிணறு. இருபத்தாறும் ஒரே தண்ணி. எப்பிடி?"

"சாப்பிட்டு முடிய விடுங்கோ டொக்டர்."

"சாப்பிடுங்கோ. நான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

ஒரு பேராசிரியர் எதிரே இருந்து கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தால் மனிதன் எப்படிச் சாப்பிடுவது? கையைக் கழுவிவிட்டு வந்து கண்ணாடியைப் போட்டேன். என் மனைவி குசினி வாசலில் நின்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். அவளுக்கு இது பழக்கம். ஓய்வு பெற்ற பிறகும் புருஷனை ஒரு பொம்பிளை வந்து வேலை வாங்குகிறாள் என்று அவள் தன் தங்கச்சியிடம் சொல்லிச் சிரிப்பது எனக்குத் தெரியும்.

தாளில் இருந்தவை, நாங்கள் ஆய்வு செய்த ஒரு கிராமத்தின் கிணற்றுத் தண்ணீர்ப் பரிசோதனை முடிவுகள். தண்ணீரின் கடினத்தன்மைக்கு ஒரு வரிசை, புளோரைட்டுக்கு ஒரு வரிசை. மேலிருந்து கீழே எல்லாம் ஏறத்தாழ ஒரே எண்.

வன்னியில் கிணறு வைத்திருப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். ஒரு வீட்டுத் தண்ணீரில் பருப்பு அவியும், வேலிக்கு அந்தப்பக்கத் தண்ணீரில் பின்னேரம் வரை கிடந்தாலும் அவியாது. ஒரு வீட்டுக் கேத்தில் பளபளவென்று இருக்கும், பக்கத்து வீட்டுக் கேத்திலின் அடியில் சுண்ணாம்பு மாதிரிக் கட்டி பிடிக்கும். இருபத்தாறு கிணறும் ஒன்றுபோல இருப்பதற்கு வழியே இல்லை.

"லாப்பில பிழை விட்டிருப்பாங்கள்," என்றேன்.

"லாப்பில ரெண்டு தரம் கேட்டிட்டன். போத்தலில என்ன இருந்ததோ அதைத்தான் அவங்கள் அளந்தவங்கள். போத்தலை நிரப்பிக் கொண்டு வந்தது நீங்கள்."

எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறிவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்தவன் நான். காய்ச்சல் பரப்பும் நுளம்பையும் பேக்கரியையும் கள்ள இறைச்சிக் கடையையும் துரத்தித் திரிந்தவன். கிணற்றுத் தண்ணீர் எடுக்கத் தெரியாது என்று என் வீட்டுக்குள்ளேயே வந்து ஒருவர் சொல்வதா?

"தெரியாது" என்ற பேராசிரியர்

மலர் டொக்டரைப் பற்றிப் போன வாரங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாய்ச் சொல்லியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கிளிநொச்சிப் பக்கத்துக் குளக் குடியேற்றத் திட்டம் ஒன்றில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி வெட்டி வயல் செய்த குடும்பத்தின் பிள்ளை. டொக்டராகி, வெளிநாடு போய், சிறுநீரக ஆராய்ச்சியில் பெரிய பெயர் எடுத்து, அங்கேயே இருந்திருக்கலாம். திரும்பி வந்தார்.

காரணம், எங்கள் வயல்காரர்களின் சிறுநீரகம். சீனி வியாதியும் இல்லை, பிரஷரும் இல்லை, நாற்பது வயதில் நல்ல உழைப்பாளியாக இருப்பான். ஒருநாள் கால் வீங்கி வருவான். ஸ்கான் பண்ணிப் பார்த்தால் சிறுநீரகம் சுருங்கிக் கிடக்கும். ஏன் என்று இன்றுவரை ஒருவரும் உறுதியாகச் சொல்லவில்லை.

உறுதியாகச் சொல்லாவிட்டால் என்ன, கதைக்கு ஆளா இல்லை! தண்ணீர் என்பார் ஒருவர், உரம் என்பார் இன்னொருவர், வெயில் என்பார் மூன்றாமவர், கசிப்புச் சாராயம் என்று சொல்லிச் சிரிப்பார் நாலாமவர். கூட்டங்களில் ஆளையாள் அடிக்காத குறை. மலர் டொக்டர் மட்டும் எழும்பி, "எனக்குத் தெரியாது. தேடிக்கொண்டிருக்கிறன்," என்று சொல்லிவிட்டு இருப்பார். பத்திரிகைக்காரர் கேட்டாலும் அதே பதில். அமைச்சர் கேட்டாலும் அதே பதில். பக்கத்தில் நிற்கும் எனக்கு வெட்கமாக இருக்கும்.

அவர் செய்த பெரிய காரியம் என்று மற்ற ஆராய்ச்சியாளர்கள் சொல்வது ஒன்றைத்தான். ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டு நோயாளியை வரச்சொல்லாமல், விடிய எழும்பியதிலிருந்து பின்னேரம் வரை ஒரு வயல்காரனின் பின்னால் போய், அவன் என்ன குடிக்கிறான், எங்கே குடிக்கிறான், எதில் குடிக்கிறான் என்று எழுத வைத்தார். அதற்காக அவர் தயாரித்த கேள்விக்கொத்தை, இதே நோய் பரவிய, கரும்பு வெட்டும் தூரதேசங்களில்கூடத் தங்கள் மொழியில் பெயர்த்து வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து வந்த வெள்ளைக்காரப் பேராசிரியர் ஒருவர், மலர் டொக்டரோடு வேலை செய்கிறேன் என்று சொன்னதற்கு என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

அவருக்கென்ன, குலுக்கிவிட்டுப் போய்விட்டார். ஜீப்பில் பக்கத்தில் இருந்து பாட்டு வாங்குகிறவன் நான்தானே. போத்தலில் நேரம் எழுதாவிட்டால் ஒரு பிரசங்கம், பேனையால் வெட்டித் திருத்தினால் இன்னொரு பிரசங்கம். எல்லாப் பிரசங்கமும் ஒரே வசனத்தில்தான் முடியும்: "கண்ணால காணாததை எழுதாதேங்கோ ஐயா."

போத்தல் கூத்து

அந்த வசனம் பிறந்த கதையையும் சொல்ல வேண்டும். ஆய்வு தொடங்கிய புதிதில், வேறொரு ஊரில், ஆண்களின் காலைச் சிறுநீரைச் சேர்க்க வீட்டுக்கு வீடு போத்தல் கொடுத்தோம். அடுத்த நாள் போனால் எல்லாப் போத்தலும் நிரம்பி, மூடி இறுக்கி, பெயர் ஒட்டித் தயாராக இருந்தன. எனக்குச் சரியான சந்தோஷம். இவ்வளவு ஒத்துழைக்கிற சனம் எங்கே கிடைக்கும் என்று டொக்டருக்குச் சொன்னேன்.

அவர் ஒரு போத்தலைத் தூக்கிப் பார்த்துவிட்டு அந்த வீட்டுக்காரரைக் கேட்டார்.

"நீங்கள் காலமை எத்தினை மணிக்கு வயலுக்குப் போனனீங்கள்?"

"விடிய முதலே போயிட்டன் டொக்டர். இப்பதான் வாறன்."

"அப்ப இது?"

மனிதன் தலையைச் சொறிந்தார். "மனிசிதான் நிரப்பி வச்சவா. ரெண்டு பேருக்கும் ஒரே சாப்பாடுதானே டொக்டர், என்ன வித்தியாசம் வரப்போகுது?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். டொக்டர் சிரிக்கவில்லை. முழு ஊருக்கும் மறுபடி சேர்க்கச் சொல்லிவிட்டார். அதன் பிறகு ஒரு மாதம், பென்சன் எடுக்கிற வயதில், விடியற்காலையில் அடுத்தவன் வீட்டுக் கக்கூஸ் வாசலில் போத்தலோடு காவல் நின்றேன். நாய்கள் என்னைக் குலைத்த குலைப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

ராசாத்தி வீட்டுச் செம்பு

சரி, தாளுக்கு வருகிறேன். அந்தத் தாளின்படி அந்தக் கிராமத்துத் தண்ணீர் நல்ல தண்ணீர். வீட்டுக்கு வீடு அப்படி எழுதித் துண்டுச் சீட்டும் கொடுத்திருந்தோம். டொக்டரின் கட்டுரையும் அதை வைத்து வெளிவந்துவிட்டது. கட்டுரையில் ஊருக்கு ஒரு சராசரிதான் போட்டிருந்ததால் ஒருவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. தண்ணீர் நல்லது என்று வந்தபடியால், சுத்திகரித்த குடிநீர்த் திட்டப் பட்டியலிலிருந்து அந்த ஊரை எடுத்துவிட்டார்கள். கொழும்பில் டொக்டருக்கு ஒரு விருது கொடுக்க இருந்தார்கள். அதற்குப் பேச்சு எழுதப் பழைய தாள்களைப் புரட்டியபோதுதான், வீட்டுக்கு வீடு ஒரே எண் இருப்பது அவர் கண்ணில் பட்டிருக்கிறது. பேச்சை அப்படியே விட்டுவிட்டு என் சோற்றைக் குழப்ப வந்துவிட்டார்.

அடுத்த நாள் காலை சொல்லாமல் கொள்ளாமல் அந்த ஊருக்குப் போனோம். ஊரின் பெயரை எழுத மாட்டேன். கிட்னி ஊர் என்று பெயர் விழுந்தால் அங்கே பெண் எடுக்கவும் வரமாட்டார்கள், கொடுக்கவும் வரமாட்டார்கள்.

முதலில் போனது கணேசன் வீட்டுக்கு. மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சிறுபிள்ளையாக வன்னிக்கு வந்து, காடு வெட்டி, இரண்டு ஏக்கர் வயல் செய்கிற மனிதன். சிறுநீரகம் பாதி பழுது என்று எங்கள் ஆய்வில்தான் கண்டுபிடித்தோம். மாமர நிழலில் கதிரை போட்டு இருந்தார். முந்தி எங்களைக் கண்டால் வேலிப் படலைக்கு ஓடி வருகிறவர், அன்றைக்கு எழும்பக் கஷ்டப்பட்டார். டொக்டர் குனிந்து அவருடைய கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தார். குழி அப்படியே நின்றது.

அவருடைய மனைவி ராசாத்தி வழக்கம்போலச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். டொக்டர் ஒரு வாய் குடித்தார். குடித்தவர் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல தண்ணி. எங்க அள்ளினது?"

"கோயில் கெணத்துலங்க டாக்டரம்மா. சைக்கிள்ல போய் ஒரு கொடம் கொண்டாந்து வச்சிருவேன்."

"உங்கட கிணறு?"

"அது எங்களுக்குங்க. உப்புத் தண்ணி. வர்றவங்களுக்கு அதக் குடுக்க முடியுங்களா?"

நான் மெதுவாகக் கேட்டேன்.

"ராசாத்தி, அண்டைக்கு நான் போத்தல் தந்து, உங்கட கிணத்துத் தண்ணியை நிரப்பச் சொன்னனான். அதில என்னத்தை விட்டனீங்கள்?"

"இந்தத் தண்ணிதாங்கய்யா. டாக்டரம்மா கையில போற தண்ணி, கலங்கலா அனுப்பலாமுங்களா?" என்றார் ராசாத்தி. முகத்தில் ஒரு களங்கமும் இல்லை.

அத்தோடு விட்டதா? இல்லை. கணேசன் வீட்டுச் சுவரைக் காட்டினார். கலண்டருக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறை போட்டு, நாங்கள் கொடுத்த துண்டு தொங்கியது. உங்கள் கிணற்று நீர் பருகுவதற்கு உகந்தது. கீழே என் கையொப்பம், வால் நீட்டி, வடிவாக.

"முந்தியெல்லாம் எனக்கும் கோயில் தண்ணிதாங்கய்யா கொண்டாந்து குடுப்பா," என்றார் கணேசன். "நல்ல கெணறுன்னு நீங்க எழுதிக் குடுத்த பொறகு, எதுக்குடி எனக்காக சைக்கிள் மிதிக்கிறன்னு நிப்பாட்டிட்டேன். வயல்ல நெறையத் தண்ணி குடிக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல, ரெண்டு பெரிய போத்தல் கொண்டு போயிருவேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்க மாட்டேன்."

டொக்டர் எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். வாளியை விட்டுத் தானே இழுத்தார். உள்ளங்கையில் ஏந்திக் குடித்துவிட்டு வாளியை எனக்கு நீட்டினார். ஒரு வாய் குடித்ததும் நாக்கு தடித்துப்போனது. இதையா நான் நல்லது என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன்!

எனக்கு வந்த கோபத்தில் ராசாத்தி மேல் பாய்ந்தேன். "இது உங்கட கிணத்துத் தண்ணியோ எண்டு நான் கேட்டனானோ இல்லையோ? ஓம் எண்டு தலையாட்டினனீங்களோ இல்லையோ? ஏன் பொய் சொன்னனீங்கள்?"

ராசாத்தியின் கண் நிறைந்துவிட்டது. ஆனால் குரல் இறங்கவில்லை.

"எங்கம்மா காலத்துல ஆபீசருங்க வருவாங்க. வாசல்ல நின்னு எழுதிட்டுப் போயிருவாங்க. எங்க வீட்டுல பச்சத்தண்ணி வாங்க மாட்டாங்க. நீங்க மொத நாளே உள்ள வந்து ஒக்காந்து, செம்ப வாங்கி மடமடன்னு குடிச்சீங்கய்யா. அப்படிப்பட்டவங்களுக்கு உப்புத் தண்ணி இருக்குன்னு சொல்ல எனக்குக் கூச்சமா இருந்துச்சு."



இரண்டு குடம்

அன்று மத்தியானத்துக்குள் எல்லா வீட்டுக்கும் போனோம். யாழ்ப்பாணத்தார் வீடென்ன, மலையகத்தார் வீடென்ன, எல்லா வீட்டிலும் ஒரே கதை. எல்லாருக்கும் அதே கோயில் கிணறு. நான் ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, குசினிக்குள் போத்தல் நிரம்பியிருக்கிறது. ஒரு வீட்டிலாவது எழும்பிக் கிணற்றடிக்குப் போய்ப் பார்த்தேனா? இல்லை.

திரும்பும் வழியில் ஜீப்புக்குள் கத்தத் தொடங்கினேன். இந்தச் சனத்தோடு மாரடிக்க ஏலாது, இதுகளுக்கு நல்லது செய்யப் போனால் நாங்கள்தான் பைத்தியக்காரர் என்று சத்தம் போட்டேன். ஜீப் ஏ-ஒன்பது பெருவீதியில் ஏறியதும் டொக்டர் என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, நீங்கள் எங்க பிறந்தனீங்கள்?"

"நெடுங்கேணி. ஏன்?"

"உங்கட வீட்டில வாற ஆக்களுக்கு எந்தத் தண்ணி குடுத்தவை?"

எங்கள் வீட்டுக் குசினியில் இரண்டு குடம் இருக்கும். மூலையில் இருக்கிற மண்குடம் எங்களுக்கு. தட்டு மூடிய பித்தளைக் குடம், பள்ளிக்கூடக் கிணற்றில் அள்ளியது, வருகிறவர்களுக்கு. அதில் கைவைத்ததற்கு அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். இத்தனை வருடம் தெரிந்த விஷயம், கையில் போத்தலும் படிவமும் வந்தவுடன் எங்கே போய்த் தொலைந்தது?

"எங்கட வீட்டிலயும் ரெண்டு குடம்தான்," என்றார் டொக்டர். "எனக்கும் நினைவு வரேல்லை."

பிழைக்கு உரிமை

அவர் செய்த அடுத்த காரியத்தில் பல்கலைக்கழகமே குழம்பியது. வெளிவந்த கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக அந்தச் சஞ்சிகைக்கு எழுதினார். சின்னத் திருத்தம் போட்டால் போதும் என்று கூட வேலை செய்தவர்கள் கெஞ்சினார்கள். விருது முடியட்டும், பிறகு எழுதலாம் என்றார்கள். கேட்கவில்லை. விருதைத் தள்ளி வைக்கச் சொன்னார். அவர்கள் தள்ளி வைத்தது வைத்ததுதான், இன்னும் கூப்பிடவில்லை.

எனக்கு எரிச்சல் அதில் இல்லை. கடிதத்தை வாசித்துப் பார்த்தேன், அதில் என் பெயர் எங்குமே இல்லை.

"போத்தலை நிரப்பினது நான். கையெழுத்து நான். என்ர பேரைப் போடுங்கோ டொக்டர்."

"கட்டுரையில முதல் பேர் ஆற்ர?"

"உங்கட."

"புகழ் வரேக்க என்ர பேர்தானே வந்தது. இப்ப மட்டும் உங்கட பேரைத் தேடுறதே?"

இப்படி ஒரு பொம்பிளையோடு எப்படி வாதாடுவது? என் பிழையைக்கூட எனக்கு விட்டுத்தர மாட்டேன் என்கிறார். ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தேன். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

பிறகு அந்த ஊர் முன்பள்ளி மண்டபத்தில் சனத்தைக் கூட்டினார். "நாங்கள் தந்த துண்டு பிழை. கிழிச்சுப் போடுங்கோ. பிழை என்ர," என்றார். ஏசுவார்கள் என்று நான் பயந்துகொண்டிருந்தால், சோடாவும் பிஸ்கட்டும் வருகிறது! மனிதருக்குப் பிழை வராதா டொக்டர் என்று ஆறுதல் வேறு. ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

கணேசன் மட்டும் கடைசி வரிசை வாங்கிலிருந்து கேட்டார். "டாக்டரம்மா, அப்ப அந்தத் தண்ணிய நெறையக் குடிச்சதாலதான் எனக்கு இவ்வளவு முத்திப்போச்சுங்களா?"

டொக்டர் அவர் பக்கம் திரும்பினார்.

"தெரியாது," என்றார் டொக்டர்.

அந்தச் சொல்லை எத்தனையோ மேடையில் கேட்டு அலுத்தவன் நான். அன்றைக்கு அதைச் சொல்லும்போது அவருடைய குரல் உடைந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுபடியும் வாளி

இருபத்தாறு கிணற்றிலும் நானே வாளி விட்டு மறுபடி அள்ளினேன். எந்த இரண்டு கிணறும் ஒன்றுபோல இல்லை. குடிக்க உதவாதவைதான் அதிகம். ஊர் மறுபடி குடிநீர்த் திட்டப் பட்டியலில் ஏறியது. ஏறியது ஏறியபடி இருக்கிறது. கோப்பு ஒரு கந்தோரிலிருந்து மற்றக் கந்தோருக்குப் போய், ஒரு கையொப்பம் குறைகிறதென்று திரும்பி வருகிறது. இப்போதைக்குத் தண்ணீர் பவுசர் லொறி கிழமையில் இரண்டு நாள் வரும். லீவு நாள் வந்தால் வராது. தாகத்துக்கு லீவு விடச் சொல்லி யாரைக் கேட்பது?

போன வருடக் கடைசியில் டொக்டர் ஒரு மின்னஞ்சலைக் காட்டினார். என் கையைக் குலுக்கிய அந்த வெள்ளைக்காரர் எழுதியிருந்தார். கரும்பு நாட்டில் பயன்படுத்துகிற கேள்விக்கொத்தில் புதிதாக ஒரு கேள்வி சேர்த்திருக்கிறார்களாம்: உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு எந்தத் தண்ணீர் கொடுப்பீர்கள்? அங்கேயும் கேட்டவுடன் சனம் சிரித்துக்கொண்டு வேறொரு குடத்தைக் காட்டியதாம். அந்தக் கேள்விக்குச் சொந்தக்காரி ராசாத்தி. இதை அவரிடம் சொன்னபோது, "நல்லா இருக்குங்கய்யா, பவுசர் எப்ப வரும்?" என்று கேட்டார்.

போன மாதமும் போனேன். வருடத்துக்கு இருமுறை அள்ள வேண்டும் என்பது டொக்டரின் புதுச் சட்டம். கணேசன் இப்போது கிழமைக்கு இரண்டு தரம் பஸ் பிடித்து வவுனியாவுக்கு வந்து இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு போகிறார். தண்ணீரைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். நிறையக் குடி என்று சொன்ன அதே நாங்கள்தான் இப்போது அளந்து குடி என்கிறோம். ஒரு சின்னப் போத்தலில் பேனையால் கோடு போட்டு வைத்திருக்கிறார். ஒரு நாள் முழுவதுக்கும் அந்தக் கோடுவரைதான்.

கிணற்றில் வாளி விட்டு, அள்ளி, நிரப்பி, மூடி, நேரம் எழுதிக் கையொப்பம் வைத்தேன். வெயிலுக்குத் தலை சுற்றியது. மாமரத்தடியில் கணேசனுக்குப் பக்கத்தில் இருந்தேன். ராசாத்தி செம்போடு வந்து தயங்கி நின்றார்.

"கோயில் தண்ணி இல்லைங்கய்யா. பவுசரும் வரல. எங்க கெணத்துத் தண்ணிதான் இருக்கு." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார், "நீங்க இப்ப வெளியாளா என்ன?"

செம்பை வாங்கினேன். பக்கத்தில் கணேசன் நாக்கால் உதட்டை ஈரமாக்கிக்கொண்டார். அவருடைய போத்தலில் கோடுவரை இருந்த தண்ணீரில் காலை பத்து மணிக்கே பாதி தீர்ந்திருந்தது. எனக்குச் செம்பை வாயில் வைக்கக் கை வரவில்லை.

"குடிங்கய்யா," என்றார் கணேசன். "நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

உப்புக் கரித்த அந்தத் தண்ணீரை அடிவரை குடித்தேன்.